மாவு மிஷினும் மல்டி த்ரெட்டும்

பொட்டி தட்டுற பொழப்புல எனக்கு ரெண்டு விஷயம் கொஞ்சம் கிலி. ஒண்ணு மல்டி த்ரெட்டிங். இன்னொண்ணு என்கிரிப்ஷன். தனித்தனியா வந்தா ஒரு டீயைக் குடிச்சுட்டு உக்காந்து சமாளிச்சுடலாம். ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு வந்தா அந்த வாரம் முழுக்கத் தூக்கம் போச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். த்ரெட்ல வர்ற தப்பு எப்பவாவதுதான் வரும். நாம பாக்கறப்ப வராது, கஸ்டமர் பாக்கறப்ப வரும். என்கிரிப்ஷன்ல சரியான விடையும் பாக்கக் குப்பையாத்தான் இருக்கும், தப்பான விடையும் குப்பையாத்தான் இருக்கும். சம்பளக் கணக்குல 25,000 வர வேண்டிய இடத்துல 52,000 வந்தா கண்ணு டக்குனு புடிச்சுடும். என்கிரிப்ட் பண்ணின பைட்டுகளைப் பாத்து ‘இது தப்பாச்சே’ன்னு சொல்ற கண்ணு யாருக்கும் கிடையாது. ஆக, எப்பவாவது மட்டும், குப்பைக்கு நடுவுல இன்னொரு குப்பை. தேடுங்க பார்ப்போம்!

இந்த ஜோடி நான் வேலை பாத்த இடத்துல 2022 கடைசியில பண்ணின கூத்தை ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன். ஆணி எச்சா இருந்ததால தள்ளிக்கிட்டே போச்சு. கம்ப்யூட்டர் படிக்காதவங்களும் தாராளமா உள்ள வரலாம். மாவு மிஷினுக்குப் போன அனுபவம் இருந்தாப் போதும்.

கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் வேலைன்னு சொன்னா, சரவணம்பட்டி பக்கம் கண்ணாடி பில்டிங்குல உக்காந்து அமெரிக்காக்காரனுக்கு உழைக்கறதுன்னுதான் வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. அதுவும் உண்டு. ஆனா இன்னொரு ரகமும் உண்டு. பம்பு செட்டு, ஃபவுண்டரி, வெட் கிரைண்டர், திருப்பூர் பனியன், கரூர் பெட்ஷீட் இவங்களுக்கெல்லாம் பில் போடற சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கற சின்னச் சின்ன கம்பெனிங்க. நான் இருந்தது அந்த ரகம். மொத்தமே பத்துப் பதினஞ்சு பேர். மேனேஜரை சார்னு கூப்பிட மாட்டோம், அண்ணாதான்.

பில் போடற சாஃப்ட்வேருக்கும் கிரிப்டோகிராஃபிக்கும் என்ன சம்பந்தம்? ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ்தான் சம்பந்தம். 2020 அக்டோபர் 1-ல 500 கோடிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்கு மட்டும்னு ஆரம்பிச்சாங்க. 2021 ஜனவரியில 100 கோடி, ஏப்ரல்ல 50 கோடி, 2022 ஏப்ரல்ல 20 கோடி, 2022 அக்டோபர் 1-ல 10 கோடின்னு படிப்படியா இறங்கி, 2023 ஆகஸ்ட்ல 5 கோடியில வந்து நின்னுது. 500 கோடிக்காரங்க எங்க மாதிரி கடைக்கு வர மாட்டாங்க. 10 கோடின்னு வந்தப்பதான் கணபதி, குறிச்சி சிட்கோ ஏரியா ஃபவுண்டரிங்க கொத்துக் கொத்தா உள்ள வந்தாங்க. இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா: நம்ம சாஃப்ட்வேர் 32 பைட்டுல ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்கும். அதைப் பேரு, பாஸ்வேர்டோட சேத்து ஆர்.எஸ்.ஏ. முறையில பூட்டி என்.ஐ.சி. நடத்தற பதிவுத் தளத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஒரு டோக்கனும் ஒரு செஷன் சாவியும் வரும். செஷன் சாவியும் பூட்டித்தான் வரும், நாம அனுப்பின தற்காலிகச் சாவியாலதான் அதைத் திறக்க முடியும். ஆறு மணி நேரம் செல்லும். அதுக்கப்புறம் ஒவ்வொரு பில்லையும் அந்தச் செஷன் சாவியால ஏ.இ.எஸ். 256 முறையில பூட்டி அனுப்பணும். வர்ற பதிலையும் அதே சாவியால திறக்கணும். பதில்ல ஐ.ஆர்.என்.னு 64 எழுத்து நம்பர் ஒண்ணும், பில்லுல அச்சடிக்க வேண்டிய க்யூ.ஆர். கோடும் இருக்கும். (இ.சி.பி. மோடுலயா பூட்டறாங்கன்னு மூக்கைச் சுளிக்கிறவங்களுக்கு: ஆமா. எல்லாமே எச்.டி.டி.பி.எஸ். உள்ளதான் போகுது. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.)

ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிச் செஷன் சாவி. எங்க கஸ்டமர் அத்தனை பேருக்கும் சேத்து ஒரே ஒரு ஜாவா சர்வர். இந்த ரெண்டு வரியிலேயே பாதிக் கதை இருக்கு.

அக்டோபர் ரெண்டாவது வாரத்துல இருந்து ஃபோன் வர ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஆனா பில் போக மாட்டேங்குது. சித்தெ நேரம் கழிச்சு அமுக்கினா போயிடுது. எரர் மெசேஜ் என்னன்னு பாத்தா ‘பேட் பேடிங் எக்செப்ஷன்’. அதாவது, திறந்து பாத்தேன், கடைசியில இருக்க வேண்டிய நிரவல் பைட்டுகள் சரியில்லைன்னு சொல்லுது. இந்த மெசேஜை எந்த ப்ரோக்ராமர்கிட்ட காட்டினாலும் ‘சாவி தப்பு’ன்னுதான் சொல்வான். ஏன்னா நூத்துக்குத் தொண்ணூறு தடவை அதுதான் காரணம். எங்க ஆபீஸ்லயும் அதேதான் சொன்னாங்க. பாஸ்வேர்டை மாத்திட்டாங்களா? யூசர் நேம்ல ஸ்பேஸ் விட்டுட்டாங்களா? கடைசியா எல்லாருக்கும் வசதியான ஒரு பதில்ல வந்து நின்னோம்: “கவர்மெண்ட் சைட்டு ஸ்லோங்க.” இதைச் சொன்னா தமிழ்நாட்டுல யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க :-)

தளத்து மேல அன்னிக்கு ஒரு தப்பும் இல்லை. எரரே எங்க சர்வருக்குள்ள வந்த எரர்.

இதுக்கு முதல் வைத்தியமா ரீட்ரை போட்டாங்க. எக்செப்ஷன் வந்தா அதை முழுங்கிட்டு, ரெண்டு செகண்ட் கழிச்சு மறுபடி அனுப்பு. மூணு தடவை வரைக்கும். நான் வேண்டாம்னு சொன்னேன், ஆனா என் பேச்சுக்கு அங்க அவ்வளவு எடை கிடையாது. வீட்டுல குழந்தை எதுக்கு அழுவுதுன்னு பாக்காம வாயில மிட்டாயை வெக்கறது மாதிரி வைத்தியம். ரெண்டு நாள் ஃபோன் குறைஞ்சுது. மூணாவது நாள் புதுசா ஒரு பூதம் கிளம்புச்சு: ‘டூப்ளிகேட் ஐ.ஆர்.என்.’

ஏன்னு புரிஞ்சுக்கறது முக்கியம். அந்த 64 எழுத்து நம்பர் சும்மா குலுக்கிப் போட்டு எடுக்கறது இல்லை. விக்கறவரோட ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தோட வகை, பில் நம்பர் இதையெல்லாம் சேத்து எஸ்.எச்.ஏ. 256 போட்டு வர்ற ஹேஷ். அதே பில்லை ரெண்டாவது தடவை அனுப்பினா அதே ஹேஷ்தான் வரும். ஏற்கெனவே இருக்குன்னு தளம் திருப்பி அனுப்பிடும். இப்ப நடந்ததைப் பாருங்க. பில் ஒழுங்காப் பூட்டி ஒழுங்காப் போயிடுச்சு. அங்க பதிவும் ஆயிடுச்சு. வந்த பதிலைத் திறக்கறப்பதான் எங்க பக்கம் எரர். ரீட்ரை போய் மறுபடி அதே பில்லைத் தட்டுது, டூப்ளிகேட்னு அடி வாங்கிட்டு வருது. பில் போட்டவங்க ஸ்க்ரீன்ல தெரியறது ‘டூப்ளிகேட்’ மட்டும்.

குறிச்சி பக்கம் ஒரு ஃபவுண்டரி. அங்க பில்லிங்ல ஒரு அக்கா. பாலக்காட்டுக்குப் போற லோடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கிளம்பும். வாளையாறு தாண்டணும்னா இ-வே பில் கையில இருக்கணும், அதுக்கு முன்னாடி இ-இன்வாய்ஸ் ஆகியிருக்கணும். தினமும் அந்த நேரத்துலதான் ‘டூப்ளிகேட்’. லாரி ரோட்டுல நிக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், முதலாளி ரூமை விட்டு வெளிய வருவார். ஒரு நாள் யாரோ சொன்னாங்கன்னு ஒரு பில்லைக் கேன்சலும் பண்ணிட்டாங்க. கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான் அவகாசம், பண்ணிட்டா அந்த நம்பரைத் திரும்ப உபயோகிக்க முடியாது. ஆடிட்டர் கேக்கறார், நம்பர் வரிசையில ஏன் ஓட்டைன்னு. பழி எல்லாம் அந்த அக்கா மேல. ரெண்டு தடவை அமுக்கறாங்களாம்.

அண்ணா என்னை நேர்ல போய் ‘ட்ரெய்னிங்’ குடுத்துட்டு வரச் சொன்னார். போனேன். நான் போறப்ப முதலாளி அங்கயே நின்னுட்டு இருந்தார்.

“ஏனுங் தம்பி, ஒருக்கா அமுக்கறது எப்படின்னு அம்மிணிக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசத்துல இருந்து வேற ஆளு பாக்கலாம்னு இருக்கேனுங்க.”

அவர் போற வரைக்கும் அந்த அக்கா ஒண்ணுமே பேசலை. போனதும் டிராயர்ல இருந்து ஒரு டைரியை எடுத்தாங்க. ஏதோ சிமெண்ட் கம்பெனி குடுத்த பழைய வருஷத்து டைரி. “நான் ஒருக்காத்தானுங்க அமுக்கறேன். எத்தனை மணிக்கு அமுக்குனேன், எத்தனை மணிக்கு என்ன வந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கேனுங்க. பாருங்க தம்பி”ன்னு நீட்டினாங்க. பன்னெண்டு நாள் கணக்கு. பில் நம்பர், மணி, நிமிஷம், என்ன மெசேஜ். அழகான கையெழுத்து. செகண்ட்தான் இல்லை.

பதினோரு வருஷமா அங்க பில் போடறவங்க. நான் ட்ரெய்னிங் எதுவும் குடுக்கலை. டைரியை ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சுட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அந்த நேரங்களை சர்வர் லாக் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அவங்க எழுதின ஒவ்வொரு எரருக்கும் அதே செகண்டுல, அதே சர்வர்ல, வேற ஒரு கம்பெனியோட பில்லும் ஓடிட்டு இருந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை, அத்தனைக்கும். காலையில பதினோரு மணிக்கு அவங்க போட்ட பில் எல்லாம் சுத்தம். சாயங்காலம் அஞ்சரைக்கும் ஆறரைக்கும் நடுவுல, ஊர்ல இருக்கற அத்தனை ஃபவுண்டரியும் லாரியை அனுப்பற நேரத்துல மட்டும், இந்தக் கூத்து. சாவி தப்புன்னா காலையிலயும்ல தப்பா இருக்கணும்?

லாக்ல இன்னொண்ணும் கண்ணுல பட்டுது. பேடிங் எரர் ஆயிரத்துச் சொச்சம். நடுவுல ஒரு நாலு மட்டும் வேற எரர்: பதிலைத் திறந்தாச்சு, ஆனா உள்ள இருக்கறது ஜேசனே இல்லை, வெறும் உளறல். இதை முதல்ல யாரும் கண்டுக்கலை. எனக்குக் காலேஜ்ல படிச்ச ஒரு கணக்கு ஞாபகம் வந்துச்சு. தப்பான சாவியால திறந்தா கிடைக்கறது தாறுமாறான பைட்டுகள். கடைசி பைட்டு தற்செயலா 1-னு அமைஞ்சுட்டா, பேடிங் சரிதான்னு லைப்ரரி ஏமாந்துடும். ஒரு பைட்டுக்கு 256 மதிப்பு, அதனால 256-ல ஒரு தடவை இப்படி நடக்கும் (துல்லியமா சொன்னா அதைவிடத் துளி எச்சா). ஆயிரத்துச் சொச்சத்தை 256-ஆல வகுத்தா நாலு. அட்சர சுத்தமாப் பொருந்துது. அப்படின்னா பைட்டுகள் வழியில கெடலை. முழுசா, சரியா வந்த பதிலை இன்னொருத்தரோட சாவியால திறந்திருக்கோம்!

அடுத்த நாள் கோடைத் தோண்டினேன். என்கிரிப்ஷனுக்குன்னு ஒரு கிளாஸ். அதுல மேலயே ஒரு ஸ்டாட்டிக் சைஃபர் ஆப்ஜெக்ட். பக்கத்துல கமெண்ட்: ‘வேகத்துக்காக’. எழுதினவர் எப்பவோ பெங்களூர் போயாச்சு. அவரைத் திட்டறதுல அர்த்தம் இல்லை. 2020-ல எழுதறப்ப கஸ்டமர் ரெண்டோ மூணோ பேர். ஒரு பில் போய்ட்டு வந்த பிறகுதான் அடுத்தது. ரெண்டு வருஷம் ஒழுங்கா ஓடின கோடு அது. 2022 அக்டோபர் 1-ல கூட்டம் வந்துச்சு, கோடு மாறலை.

இப்ப மாவு மிஷின். சைஃபர் ஆப்ஜெக்ட்னா அரைவை மிஷின்னு வெச்சுக்கங்க. முதல்ல எந்தச் சாவி, பூட்டவா திறக்கவான்னு செட் பண்ணணும். இது கல்லை டைட் பண்றது, ரவையா மாவான்னு முடிவு பண்றது. பிறகு சரக்கைக் கொட்டணும். கடைசியா, வாய்ல ஒட்டிட்டு இருக்கறதையும் தட்டி எடுக்கணும். மூணும் ஒரே ஆளு ஒரே மூச்சுல செஞ்சா ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்க கோதுமைக்குக் கல்லை டைட் பண்ணிட்டுத் தூக்குப் போசியை எடுக்கத் திரும்பறீங்க. அந்த நேரத்துல இன்னொருத்தர் வந்து கேப்பைக்குக் கல்லை மாத்தி வெச்சுடறார். உங்க கோதுமை அதுல விழுது. இல்லேன்னா அவர் பாதி மிளகாய் கொட்டியிருக்கறப்ப நீங்க மேலயே அரிசியைக் கொட்டறீங்க. மிஷின் எதையும் கேக்காது, அரைச்சுத் தள்ளும். மிளகாய்க்குத் தனி மிஷின் எதுக்கு வெச்சிருக்காங்கன்னு எங்க ஊர் மிஷின்காரருக்குத் தெரியும். ‘வேகத்துக்காக’ன்னு ஒரே மிஷினை எல்லாருக்கும் விட்டது நம்ம ஆளுங்கதான்.

சாவி ஆப்ஜெக்டைப் பகிர்ந்துக்கலாம், அது செஞ்ச பிறகு மாறாது. ஜாவாவுல செக்யூர்ரேண்டம் ஆப்ஜெக்டையும் பகிர்ந்துக்கலாம், உள்ளயே பூட்டு இருக்கு. ஆனா சைஃபர், மேக், மெசேஜ்டைஜெஸ்ட், சிக்னேச்சர் இந்த நாலும் உள்ள நிலையை வெச்சுக்கிட்டு இருக்கற ஆசாமிங்க. ரெண்டு த்ரெட் கையில ஒரே நேரத்துல குடுக்கக் கூடாது.

சரி, கண்டுபிடிச்சாச்சு. நிரூபிக்கணுமே? ‘எப்பவாவது வர்ற’ தப்பை அண்ணா முன்னாடி ‘இப்பவே’ வர வைக்கணும். ஒரு சின்ன ப்ரோக்ராம்: ரெண்டு த்ரெட், ரெண்டு சாவி, தெரிஞ்ச ஒரு வாக்கியம். பூட்டு, திற, பழைய வாக்கியமே வந்துச்சான்னு பாரு, திரும்ப. ஒரு த்ரெட்ல லட்சம் தடவை ஓட்டினேன், ஒரு தப்பு இல்லை. ரெண்டு த்ரெட்ல விட்டா ஒரு செகண்டுக்குள்ள பேடிங் எரர், அரே இண்டெக்ஸ் எரர்னு வாந்தி எடுக்குது. இதுல ஒரு சூட்சுமம். ரெண்டு த்ரெட்டையும் ஒரே கோட்டுல நிறுத்தி ஒண்ணா விசில் அடிச்சு விடணும், ஜாவாவுல அதுக்கு கவுண்ட்டவுன்லேட்ச் இருக்கு. இல்லேன்னா முதல் த்ரெட் வேலையை முடிச்சுட்டுப் போன பிறகுதான் ரெண்டாவது எந்திரிச்சே வரும், தப்பு வராது, ‘பாத்தியா ஒண்ணும் இல்லை’ன்னு ஏமாந்துடுவோம்.

இன்னொரு வேடிக்கை. எந்தச் சாவி எங்க போகுதுன்னு பாக்க லூப்புக்குள்ள நாலு ப்ரிண்ட் லைன் போட்டா எரர் அப்படியே குறைஞ்சுடுது. கன்சோலுக்கு எழுதறதுக்கே உள்ள ஒரு லாக் இருக்கு, அது த்ரெட்டுகளை வரிசையில நிக்க வெச்சுடுது. பிரேக்பாயிண்ட் வெச்சா சுத்தமாக் காணோம். அதனால கூட்டத்துக்கு நடுவுல ப்ரிண்ட் போடாம, ஒவ்வொரு த்ரெட்டும் தன் தன் லிஸ்ட்ல எழுதி வெச்சுக்கிட்டு கடைசியில கொட்டற மாதிரி பண்ணினேன். அந்த அக்கா பண்ணினதும் அதேதான், இல்லையா? அவங்கவங்க டைரியில எழுதி வெச்சு, பின்னால ஒப்பிட்டுப் பாக்கறது.

சரி பண்றதுக்கு மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, சுத்தி ஒரு லாக். தப்பு வராது, ஆனா எல்லாரும் ஒரே மிஷினுக்கு க்யூ. ரெண்டு, த்ரெட்லோக்கல், ஆளுக்கொரு மிஷின். மூணு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு சைஃபர் வாங்கு, அரை, தூக்கிப் போடு. அண்ணாவுக்கு மூணாவது புடிக்கலை, ஸ்லோ ஆயிடும்னார். அளந்து காட்டினேன். சைஃபர் வாங்கற செலவு மைக்ரோ செகண்ட் கணக்கு. தளத்துக்குப் போய்ட்டு வர்ற செலவு நூத்துக்கணக்கான மில்லி செகண்ட். அவினாசி ரோடு ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் நிக்கப் போறவன் செருப்பு மாட்டற நேரத்தை மிச்சம் புடிக்கற கதை. மூணாவதைத்தான் போட்டோம். த்ரெட்லோக்கல் வேண்டாம்னதுக்கு இன்னிக்கு இன்னொரு காரணமும் சேந்திருக்கு. 2023-ல வந்த ஜாவா 21-ல விர்ச்சுவல் த்ரெட் இருக்கு, லட்சக்கணக்குல உருவாக்கலாம். த்ரெட்டுக்கு ஒரு மிஷின்னா லட்சம் மிஷின்.

செஷன் சாவியை வாங்கற இடத்துலயும் இதே வியாதிக்குத் தங்கச்சி ஒண்ணு இருந்துச்சு. ஆறு மணி நேரம் முடியறப்ப ரெண்டு த்ரெட் ஒண்ணா ‘காலாவதி ஆயிடுச்சே’ன்னு பாத்து, ரெண்டும் தனித்தனித் தற்காலிகச் சாவியோட லாகின் பண்ணும். ஒருத்தர் சாவியை இன்னொருத்தர் அழிச்சுடுவார். அங்க மட்டும் கம்பெனிக்கு ஒரு லாக் போட்டோம். ரீட்ரையைத் தூக்கிட்டு, பதில் வராத பில்லை ஆவண நம்பரை வெச்சுத் தளத்துலயே கேட்டு வாங்கற மாதிரி மாத்தினோம். அதுக்குத் தனி வழி அவங்களே குடுத்திருக்காங்க.

எரர் நின்னுது. ஃபவுண்டரி முதலாளிகிட்ட அண்ணாவே ஃபோன்ல பேசினார், தப்பு சாஃப்ட்வேர் பக்கம்னு சொன்னார். சொல்ல மாட்டாரோன்னு நினைச்சேன், சொல்லிட்டார். அந்த அக்கா அங்கயேதான் வேலையில இருந்தாங்க.

இது ஜாவா ஆளுங்க பிரச்சினை மட்டும்னு சி, சி++ ஆளுங்க சிரிக்க வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எல்னு ஒரு லைப்ரரி, உலகத்துல பாதி சர்வருக்கு மேல அதுதான் பூட்டுச் சாவி. அது 1.0.2 வரைக்கும் தனக்குன்னு லாக்கே போட்டுக்கலை. ‘லாக் போடற ஃபங்ஷனை நீ எழுதிக் குடு, தேவைப்பட்டா நான் கூப்பிடறேன்’னு சொல்லிட்டு இருந்துச்சு. நாற்பதுக்கு மேல லாக், அத்தனைக்கும் நாமதான் பொறுப்பு. குடுக்க மறந்துட்டா எரர் சொல்லுமா? சொல்லாது. லாக் இல்லாமயே ஓடும். டெஸ்ட்ல ஓடும், டெமோவுல ஓடும், கூட்டம் வந்த அன்னிக்குக் கிராஷ் ஆகும். 2016 ஆகஸ்ட்ல வந்த 1.1.0-லதான் லாக்கையெல்லாம் தானே பாத்துக்கற மாதிரி மாத்தினாங்க. பழைய புஸ்தகத்துல பாத்து அந்த ஃபங்ஷனை இன்னிக்கும் எழுதறவங்க இருக்காங்க. கம்பைல் ஆகும், ஆனா ஒரு வேலையும் செய்யாது.

அதுக்காக 1.1.0-க்கு அப்புறம் எல்லாம் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. ஒரு கனெக்‌ஷனோட எஸ்எஸ்எல் ஆப்ஜெக்டை ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல தொடக் கூடாதுங்கறது இன்னிக்கும் விதிதான். ஒண்ணு படிக்குது, ஒண்ணு எழுதுது, வேற வேற வேலைதானேன்னு சமாதானம் சொன்னாலும் கூடாது. அப்புறம் அதோட எரர் க்யூ. அது த்ரெட்டுக்கு ஒண்ணு, கனெக்‌ஷனுக்கு ஒண்ணு இல்லை. ஒரே த்ரெட் நூறு கனெக்‌ஷனைக் கவனிக்குதுன்னா, ஏழாவது கனெக்‌ஷன் விட்டுட்டுப் போன எரரை எட்டாவது கனெக்‌ஷன் மேல எழுதிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி க்யூவைக் காலி பண்ணிட்டு ஆரம்பிக்கணும்.

ஒரே ப்ராசஸ்ல ரெண்டு ஓபன்எஸ்எஸ்எல் மாட்டிக்கற கூத்தும் உண்டு. பைத்தான்ல போஸ்ட்கிரெஸ்க்கு சைக்காப்ஜி2-ன்னு ஒரு பேக்கேஜ். அதோட ரெடிமேட் பைனரிக்குள்ள தனியா ஒரு லிப்எஸ்எஸ்எல், பைத்தானோட எஸ்எஸ்எல் மாட்யூல் கையில இன்னொண்ணு. த்ரெட்டுகள் ஓடறப்ப ரெண்டும் மோதி செக்மெண்டேஷன் ஃபால்ட். 2018-ல வந்த 2.7.4-ல இருந்து பைனரிக்குன்னு தனிப் பேரு வெச்சுப் பிரிச்சே விட்டாங்க. அடுத்தவங்க கோடுல தப்பே இல்லாமயும் இப்படி அடி வாங்கலாம்.

எரரை முழுங்கறதைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு பெரிய அண்ணன் டெபியன்ல இருக்கார். இது த்ரெட் சமாச்சாரம் இல்லை, ஆனா மனசு அதே மனசு. 2006-ல, வேல்கிரைண்டுங்கற சோதனைக் கருவி ஓபன்எஸ்எஸ்எல்லைப் பாத்து எச்சரிக்கை குடுக்குதுன்னு, அது வராம இருக்க ரெண்டு வரியைத் தூக்கினாங்க. எச்சரிக்கை நின்னுது. கூடவே ரேண்டம் நம்பருக்குப் போற தீனியும் நின்னுது. ப்ராசஸ் நம்பர் மட்டும்தான் மிச்சம், அது அதிகபட்சம் 32,768. 2008 மே 13-ல வெளிய வர்ற வரைக்கும், டெபியன்லயும் உபுண்டுவுலயும் உருவான சாவிகளை யார் வேணாலும் உக்காந்து எண்ணிடலாம்ங்கற நிலைமை. ஒன்றரை வருஷத்துக்கு மேல ஒரு சர்வர்கூட எரர் குடுக்கலை.

நாங்க மாட்டினது எரர் குடுத்த ரகம். அது நல்ல நேரம்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. போன வருஷம் வேற ஒரு ப்ராஜெக்ட்டுல ஏ.இ.எஸ். ஜி.சி.எம். மோடு. அதுல ஒரே சாவிக்கு ஒரே நான்ஸ் ரெண்டு தடவை வரவே கூடாது. வந்தா ரெண்டு செய்தியையும் எக்ஸ்ஓர் பண்ணி உள்ள இருக்கறதைப் பிரிக்க ஆரம்பிச்சுடலாம், போலிச் செய்தியும் தயார் பண்ணலாம். டீம்ல இருந்த தம்பி நான்ஸுக்கு ஒரு கவுண்டர் வெச்சு, சாதா லாங்ல ப்ளஸ் ப்ளஸ் போட்டிருந்தான். ஒரு த்ரெட்ல கச்சிதம். ரெண்டு த்ரெட் ஒண்ணாப் படிச்சா ரெண்டுக்கும் ஒரே நம்பர். பேடிங் எரர் வராது, டூப்ளிகேட் வராது. அந்தப் பக்கம் அழகாத் திறக்கும், எல்லா டெஸ்ட்டும் பச்சை. யாரோட டைரியிலயும் எழுத ஒண்ணும் இருக்காது.

ரிவ்யூல அந்த வரியைப் பாத்துட்டு, சைஃபர் கதைக்கு எழுதின அதே பழைய ப்ரோக்ராமைக் கொஞ்சம் மாத்தி எட்டு த்ரெட்ல ஓட்டிக் காட்டினேன். அஞ்சு நிமிஷத்துல ஒரே நான்ஸ் நூத்துக்கணக்குல. தம்பி கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்தான். “ஏனுங்ணா, இது லைவ் போயிருந்தா எப்பத் தெரிஞ்சிருக்கும்?”னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. அட்டாமிக்லாங் போட்டு மாத்தி, சர்வர் ரீஸ்டார்ட் ஆனா கவுண்டர் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்காம இருக்க ஒவ்வொரு தடவையும் புதுச் சாவி எடுக்கற மாதிரியும் பண்ணிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினோம்.